பில் விதர்ஸின் முதல் ஆல்பம்: ஒரே ஒரு பாட்டுதானா?

ஜூன் 4, மாலை. கேள்வி

"அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' (1971) பற்றி எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். நானும் கேட்டேன். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' அருமை, மறுக்கவில்லை. மற்ற பதினொன்றும் இடத்தை நிரப்ப வந்தவை. அதைவிட, இதை ஏன் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த உணர்ச்சிமிக்க பாட்டு வகை) என்கிறார்கள்? சோல் என்றால் தொண்டை கிழியப் பாட வேண்டாமா? இவர் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறார்."

ஜூன் 4, இரவு 10.40

பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி என்று சொன்னீர்களே, அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். 32 வயது வரை அவர் யாருக்கோ பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருந்தார். 1938-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். 13 வயதில் அப்பாவைப் பறிகொடுத்தார். அப்புறம் கடற்படையில் 9 வருடம். 1967-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, விமானங்களுக்குப் பாகங்கள் செய்யும் ஆலையில் சேர்ந்தார். போயிங் 747-க்குக் கழிவறை செய்வது அவர் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் பாட்டுகளை டேப்பில் பதிந்து கம்பெனி கம்பெனியாகக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் கிளாரன்ஸ் அவாண்ட் நடத்திய சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் எடுத்துக்கொண்டது.

சோலா இல்லையா என்ற கேள்விக்கு, அவருக்குப் பின்னால் வாத்தியம் வாசிப்பவர்களைக் கவனியுங்கள். தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ். பேஸ் கிட்டார் டொனால்ட் 'டக்' டன். டிரம்ஸ் ஆல் ஜாக்சன் ஜூனியர். மூவரும் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள். ஓட்டிஸ் ரெட்டிங் தொண்டை கிழியப் பாடினாரே, அவருக்குப் பின்னால் வாசித்த கைகளும் இவைதான். 1967-ல் ஓட்டிஸ் 26 வயதில் விமான விபத்தில் போன பிறகு, அதே கைகளுக்கு நாலு வருடம் கழித்து கத்தவே கத்தாத ஒருவர் கிடைத்தார். அவர்கள் வாசிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அடக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆல் ஜாக்சன் ஒரு அடியைக்கூட வீணாக்க மாட்டார், ஓட்டிஸுக்கும் சரி, இவருக்கும் சரி.

கத்துவது சோலின் ஒரு வழி. அதுவே சோல் என்று வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் வந்த ஆல் கிரீனின் பாதிப் பாட்டுகளையும் வெளியே தள்ள வேண்டும். அதில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவரும் இதே ஆல் ஜாக்சன்தான்.

ஜூன் 4, இரவு 11.15

நிரப்பல் விஷயத்துக்கு நாளை வருகிறேன். இப்போது ஒன்று மட்டும். உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டே முதலில் நிரப்பலாகத்தான் வந்தது. சிங்கிள் இசைத்தட்டில் 'ஹார்லெம்' முன்பக்கம். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பின்பக்கம். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். திருப்பிப் போட்ட பாட்டு அமெரிக்க ஹிட் வரிசையான பில்போர்டில் 3-வது இடம் வரை போனது, மறு வருடம் கிராமி விருதும் வாங்கியது.

ஜூன் 5, காலை 6.20

தூக்கம் வரவில்லை, அதனால் அந்தப் பாட்டில் வரும் 'ஐ நோ' ('எனக்குத் தெரியும்') இடத்தைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

அவள் போய்விட்டால் வெயிலே இல்லை என்று பாடுகிற பாட்டு, இரண்டு நிமிடம்தான். முன்னிசை கிடையாது. குரல்தான் முதலில் வருகிறது, வாத்தியங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. இரண்டு சரணம் முடிந்ததும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்: 'ஐ நோ', 'ஐ நோ', 'ஐ நோ'. 25 முறை. வயலின்கள் ஒதுங்கிவிடுகின்றன. டிரம்ஸ் மட்டும் பக்கத்தில் நடந்து வருகிறது.

எனக்குச் சின்ன வயதில் திக்குவாய். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். 'உ' வராது. உதடு குவிந்துவிடும், மூச்சு நெஞ்சில் நிற்கும், சத்தம் மட்டும் கிளம்பாது. அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வந்து உட்கார்ந்திருந்த நாட்களிலேயே எனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது.

விதர்ஸுக்கும் திக்குவாய். கடற்படையில் இருந்த காலத்தில்தான் அதிலிருந்து மெல்ல வெளியே வந்தார். இது எனக்குத் தெரிய வந்ததே பாட்டைப் பல வருடம் கேட்ட பிறகுதான். தெரிந்ததும் அந்த இடம் எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு, அதைத் தாண்ட முடியாமல், கடைசியில் தாண்டிவிடுகிற ஒருவர். திக்குவாய்க்காரனின் வாழ்க்கை முழுக்க அந்த இருபது நொடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5, காலை 9.05

26 முறை. மறுபடி விரல் விட்டு எண்ணினேன். 25 என்றது என் ஞாபகப் பிசகு.

ஜூன் 6, இரவு

நீங்கள் கேட்டது சரியான கேள்வி: "அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா?" இல்லை. அந்த இடத்தில் இன்னும் வரிகள் எழுதுவதாக இருந்தார். எழுதும் வரை சும்மா 'ஐ நோ' என்று பாடி வைத்திருந்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள் அப்படியே விட்டுவிடு என்றார்கள். எல்லோரும் பேர் பெற்றவர்கள், தானோ ஆலைத் தொழிலாளி, அதனால் அவர்கள் பேச்சைக் கேட்டேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதை எழுதும்போதே நேற்றுக் காலை சொன்னது தப்பு என்று புரிகிறது. திக்கல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அது சொல்லின் வாசலில் நடப்பது. இங்கே சொல் 26 முறையும் தடையில்லாமல் வெளியே வருகிறது. தாளத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் நசுங்கி ஒன்று என்று இஷ்டத்துக்கு விழுகிறது. திக்குகிறவன் கனவு காண்பது இதைத்தான். சொல் கையில் இருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

திக்குவாய் உள்ளவர்கள் பெரும்பாலும் பாடும்போது திக்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளம் ஒரு கைப்பிடி கொடுக்கிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, அடுத்த சொல் என்னவென்று முன்பே தெரிகிறது. எனக்குப் பேச்சு வராத நாட்களிலும் பாட்டு வந்தது. அதனால் அவர் பாடும்போது ஏன் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இப்போது வேறு. பேச்சே ஒருவருக்கு எட்டாத பொருளாக இருந்தால், பாட்டில் அவர் பேசத்தான் ஆசைப்படுவார். மற்ற பாடகர்களுக்குப் பேச்சு சாதாரணம், அதைத் தாண்டிக் கத்துகிறார்கள். இவருக்குப் பேச்சே உச்சம்.

(இந்தக் கடைசி வரி என் ஊகம். அவர் இப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

ஜூன் 7, மதியம்

நிரப்பல். 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டையுமா நிரப்பல் என்கிறீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறேன்.

அதுவும் இரண்டு நிமிடம். பாட்டியைப் பற்றிய பாட்டு, ஆனால் பாட்டியின் முகம் எப்படி, கண் எப்படி என்று ஒரு வரி கிடையாது. கைகள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தட்டுகிற கை, கஞ்சிரா மாதிரி டம்பரின் வாசிக்கிற கை, சில நேரம் வலித்து வீங்குகிற கை, விழுந்தால் தூக்குகிற கை, மிட்டாய் நீட்டுகிற கை, அடி விழாமல் காப்பாற்றுகிற கை. கணவன் இல்லாமல் பிள்ளை பெற்ற பெண்ணை ஊரே ஒரு மாதிரி பார்க்கும்போது அவளைத் தேற்றுகிற கையும் அதுதான். ஓடாதே, கண்ணாடிச் சில்லு குத்தும், புல்லில் பாம்பு இருக்கும் என்று பாட்டி பேரனை எச்சரிக்கிறாள். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில். உருக வைக்கும் குரல் நெளிவு எதுவும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு முனகல், அவ்வளவுதான்.

அந்த முனகலையும் கிட்டாரையும் 1996-ல் பிளாக்ஸ்ட்ரீட் என்ற பாட்டுக் குழு 'நோ டிகிட்டி'யில் எடுத்துப் போட்டுத்தான் அவ்வளவு பெரிய ஹிட் ஆக்கினார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் இன்னொருவர் வீட்டைத் தாங்குகிற அளவுக்கு அதில் பலம் இருந்திருக்கிறது.

என் பாட்டியைப் பற்றி எழுத நினைத்து மூன்று முறை விட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முகத்தில் ஆரம்பித்தேன். தப்பு அதுதான் என்று இந்தப் பாட்டு கேட்ட பிறகு தோன்றியது. என் பாட்டியிடம் எனக்கு ஞாபகம் இருப்பது பேசுகிறவனைப் பார்க்காத பழக்கம். நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவர்கள் என் வாயையே பார்ப்பார்கள். பாட்டி கையிலிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சொல் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி பதில் சொல்வாள்.

ஜூன் 7, மாலை

'ஸ்வீட் வனோமி' நிரப்பல்தான். ஒப்புக்கொள்கிறேன். 'மோனின் அண்ட் க்ரோனின்' எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்காக வாதாட மாட்டேன்.

ஜூன் 9

மற்றவர்கள் பாட்டு இரண்டு இருக்கிறதே என்கிறீர்கள். ஆமாம், ஃப்ரெட் நீலின் 'எவ்ரிபடிஸ் டாக்கின்', பீட்டில்ஸின் 'லெட் இட் பி'. சொந்தப் பாட்டு நோட்டு நிறைய வைத்திருக்கும் ஒருவர் எதற்கு இவற்றைப் பாட வேண்டும் என்று நானும் வருடக்கணக்கில் நினைத்தேன். 'லெட் இட் பி' அப்போதுதான் முந்தின வருடம் வந்திருந்தது, உலகமே பாடிக்கொண்டிருந்தது. கம்பெனி கேட்டிருக்கும், பாடியிருப்பார் என்று தள்ளிவிட்டுப் போவேன்.

போன வாரம் ஹெட்போனில் கேட்டபோது எண்ணம் மாறிவிட்டது. மூலப் பாட்டு கண்ணை மூடி உட்காரச் சொல்லும். இவர் அதைத் தேவாலயத்தில் எழுந்து நின்று கை தட்டுகிற பாட்டாக ஆக்கிவிடுகிறார். யோசித்துப் பாருங்கள், சில பாட்டுக்கு முன்னால்தானே பாட்டி ஞாயிற்றுக்கிழமை கை தட்டினாள்? அந்தத் தேவாலயத்துக்கே இந்தப் பாட்டைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவ்வளவு நாள் இது என் காதில் ஏறவில்லை.

'எவ்ரிபடிஸ் டாக்கின்' பற்றி உங்கள் பக்கமே நிற்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லாவிட்டாலும் ஆல்பம் குறைந்துபோகாது.

ஜூன் 10, இரவு 1 மணி

இரண்டாம் பக்கத்தை நீங்கள் ஒரு முறைதான் கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தயவுசெய்து 'ஐம் ஹெர் டாடி'யைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். தனக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று ஒருவனுக்கு இப்போதுதான் தெரிய வருகிறது. குழந்தையின் தாயிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். அவள் பதில் சொல்வது நமக்குக் கேட்காது. ஏன் சொல்லவில்லை என்று ஆத்திரப்பட வேண்டிய இடம் அது, தொண்டை கிழிய வேண்டிய இடமும்கூட. அவன் கெஞ்சுகிற குரலில் குழந்தையைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

கடைசிப் பாட்டு 'பெட்டர் ஆஃப் டெட்'. குடிகாரன் ஒருவன். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் செய்தது சரி என்று அவனுக்கே தெரியும். பாட்டு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிறது. முதல் ஆல்பத்தை இப்படி முடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? முதல் தடவை கேட்டபோது எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

ஜூன் 10, காலை

ராத்திரி எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று, இப்போதுதான் பொறி தட்டியது. 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பிறந்த கதை தெரியுமா? 'டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோசஸ்' என்ற 1962 படத்தைப் பார்த்ததுதான் அவரை எழுத வைத்தது. ஜேக் லெமனும் லீ ரெமிக்கும் குடிக்கு அடிமையான தம்பதியாக நடித்த படம். தனக்குக் கெடுதல் என்று தெரிந்தே மறுபடி மறுபடி அதனிடமே போகிற மனிதர்கள். அப்படியானால் உங்களுக்குப் பிடித்த இரண்டாவது பாட்டும் நீங்கள் தாண்டிப் போன பன்னிரண்டாவது பாட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. 26 முறை 'தெரியும்' என்று சொல்கிறவனும், தெரிந்தும் குடிப்பவனும் சொந்தக்காரர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது.

ஜூன் 12

'எய்ன்ட் நோ சன்ஷைன்' மைக்கேல் ஜாக்சன் பாடியதுதான் மேல் என்று சொன்ன இன்னொரு நண்பருக்கு: 1972-ல் அவருடைய முதல் தனி ஆல்பத்தில் அது இருக்கிறது, அப்போது அவருக்கு 13 வயது. குரல் தேன். ஆனால் அந்தப் பையனை விட்டு யாரும் இன்னும் போனதில்லை. விதர்ஸ் பாடும்போது வீட்டில் காலியான அறை ஒன்று எனக்குத் தெரிகிறது.

ஜூன் 13, மாலை

அட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் சுவர் ஓரத்தில் சாதாரண உடையில் நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பெட்டி. அது வேடம் இல்லை. ஆலையில் இடைவேளை நேரத்தில் எடுத்த படம், பெட்டியும் அவருடையதுதான். இசைத் தொழில் எந்த நேரமும் கையை விட்டுவிடும் என்று நினைத்தார், அதனால் பதிவு நடந்துகொண்டிருந்தபோதும் வேலையை விடவில்லை. பயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். சுரங்க ஊரில் வளர்ந்தவருக்குச் சம்பளம் என்றால் என்னவென்று தெரியும்.

பதிவும் அப்படித்தான் நடந்தது. மூன்றே அமர்வு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி, கம்பெனியிடம் பணம் இல்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பாதி முடிந்த ஆல்பத்தை மனதில் வைத்துக்கொண்டு தினமும் ஆலைக்குப் போயிருப்பார். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களிடம் சொல்லியிருப்பாரா? பாட்டு தங்கத்தட்டு ஆனபோது கம்பெனி அவருக்குத் தங்க நிறக் கழிவறை இருக்கை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. அந்த வேடிக்கையை அவரும் ரசித்துத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 14

ஆமாம், கிட்டாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸ் இருக்கிறார். முதல் நாள் விட்டுவிட்டேன், சுட்டிக்காட்டியதற்கு நன்றி. சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர். எல்லாம் ஆல் ஜாக்சன் என்கிற மாதிரி எழுதியிருந்தேன், தப்பு.

ஜூன் 16, இரவு

இரண்டாம் பக்கத்தை மறுபடி கேட்டதாகவும், 'ஐம் ஹெர் டாடி' தூங்கவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். சோலா இல்லையா என்பதில் இன்னும் உங்களுக்குச் சந்தேகம் என்றால் இருக்கட்டும், அதை நான் பிடித்துத் தொங்கப் போவதில்லை.

'டூ இட் குட்' நடுவே என்ன பேசுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் ஸ்டுடியோவுக்கு வந்ததைத்தான் சொல்கிறார். அன்றைக்கு நடந்ததை புக்கர் டி. பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார்: வேலைக்குப் போகும் பழைய பூட்ஸோடு, பாட்டு நோட்டோடு வந்த விதர்ஸ், உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அவரைத் தனியே கூப்பிட்டு, இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டின் நடுவே விதர்ஸ் பேசுவதும் அந்த நடுக்கத்தைப் பற்றித்தான். இதற்கு முன் செய்யாத ஒன்றைச் செய்ய வந்திருந்தேன், கவலைப்படாதே, உனக்குத் தெரிந்ததைச் செய், நன்றாகச் செய் என்று சொன்னார் என்கிறார். வாத்தியங்கள் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, இவர் அவசரமில்லாமல் சொல்கிறார், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. சொன்னவரின் பெயரையும் சொல்கிறார். வெறும் புக்கர் டி. இல்லை, 'மிஸ்டர் ஜோன்ஸ்'.

புக்கர் டி. 1944-ல் பிறந்தவர். விதர்ஸைவிட ஆறு வயது சின்னவர்.